கம்பங்கூழும் கையடக்க விளையாட்டும்

குட்டி ஜப்பானில் பழைய சாமான்களுக்கு ஒரு புது மரியாதை

சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது நாரணாபுரம்.

பொழுது விடியும்போதே அந்தப் பக்கத்து ஊர்கள் விழித்துவிடும். பட்டாசு வேலைக்கும், தீப்பெட்டி வேலைக்கும், அச்சு வேலைக்கும் போகிறவர்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.

இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள். பெயர் வேண்டாம். அது எந்த வீடாகவும் இருக்கலாம்.

அந்த வீட்டில் பால் வாங்குவதில்லை. தயிர் இல்லை. நெய் இல்லை. மீனும் முட்டையும் இறைச்சியும் இல்லை. ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. மூன்று வேளையும் ருசியாகச் சாப்பிடுகிறார்கள்.

அந்த வீட்டுப் பையன் கையில் செல்போன் இல்லை. அவன் அப்பா சிறுவனாக இருந்தபோது திருவிழாக் கடையில் வாங்கிய சின்ன விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் கட்டம் கட்டமாகச் செங்கல் விழும். அதில் வண்ணம் கிடையாது. படம் கிடையாது. இருந்தும் பையன் அதை விடுவதாக இல்லை!

"இது என்ன வேடிக்கை? இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு குடும்பமா?" என்று கேட்பீர்கள்.

வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

வானம் பார்த்த பூமி

விருதுநகர் மாவட்டத்தில் பெரும்பகுதி கரிசல் மண். மழை பெய்தால் விளைச்சல். பெய்யாவிட்டால் பஞ்சம். வற்றாத ஆறு எதுவும் சிவகாசிப் பக்கம் ஓடவில்லை.

அதனால் நெல் அங்கே அருமையாக இருந்தது. கம்பு, சோளம், குதிரைவாலி, பயறு வகை, எள், நிலக்கடலை, பருத்தி ஆகியவைதான் மானாவாரிக் காட்டில் விளைந்தன. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மற்ற நாளெல்லாம் கூழும் களியும்.

மண் கைவிட்டபோது மனிதர்கள் தொழிலைத் தேடினார்கள். 1922-ம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள்.

தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. பெட்டியின் மேல் ஒட்டுவதற்கு வண்ணப் படம் வேண்டுமே! அதற்காக அச்சகங்கள் வந்தன.

மழை குறைந்த ஊருக்கு ஈரக்காற்று இல்லாததே லாபமாயிற்று. தீக்குச்சியும் பட்டாசும் காய வெயில் வேண்டும். அங்கே வெயிலுக்கா பஞ்சம்?

ஓயாமல் உழைக்கும் அந்த ஊருக்கு நேரு "குட்டி ஜப்பான்" என்று பெயர் சூட்டினார் என்று சொல்வார்கள். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பெரிய ஜப்பானும் வரப்போகிறது.

பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம்

நம் ஊரில் சைவம் என்றால் மீன், முட்டை, இறைச்சி கூடாது. பால், தயிர், மோர், நெய் கூடும்.

இதற்கும் ஒரு படி மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேனைக்கூடத் தொட மாட்டார்கள். செடி, கொடி, மரம் தருவதுதான் அவர்களுக்கு ஆகாரம்.

இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு "வீகன்" என்று பெயர். இந்தச் சொல்லுக்கு 1944-ல்தான் வயது ஒன்று. இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் அந்த ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்போது பிறந்த சொல் இது. அந்த வாட்சன் 2005-ம் ஆண்டில் தமது 95-வது வயதில் காலமானார்.

நம் நாட்டில் காந்தியடிகளும் இதை முயன்று பார்த்தவர்தான். 1912-ல் தென் ஆப்பிரிக்காவில் இருந்தபோது அவர் பாலை விட்டார். 1918-ல் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து படுத்துவிட்டார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார்கள். "நீங்கள் சபதம் செய்தபோது பசும்பாலையும் எருமைப்பாலையும்தானே நினைத்தீர்கள்? ஆட்டுப்பால் குடிக்கலாமே!" என்று கஸ்தூரிபா வழி சொன்னார். காந்தியடிகள் ஆட்டுப்பால் குடித்தார். ஆனால் சபதத்தின் சொல்லைக் காத்து, கருத்தை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவர் மனதில் இருந்துகொண்டே இருந்தது.

வெள்ளைக்காரர் நாட்டில் இந்தச் சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த பாதாம் பாலும், டப்பாவில் அடைத்த பண்டங்களும் வாங்குகிறார்கள். கரிசல் காட்டு அடுப்பங்கரைக்கு அவை தேவையே இல்லை. அங்கே பாதிச் சமையல் முன்பே அப்படித்தான் இருந்தது!

அடுப்பங்கரைக்குள் வாருங்கள்

முதலில் கம்பங்கூழ்.

கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமியைப் புடைத்து எடுக்க வேண்டும். பிறகு குருணையாக உடைத்து, உலை நீரில் போட்டுத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெந்து கெட்டியானதும் இறக்கி ஆறவைத்து உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலையில் அந்த உருண்டையை எடுத்துக் கையால் கரைத்து உப்புப் போட வேண்டும். பலர் மோர் ஊற்றுவார்கள். மோர் இல்லாவிட்டால் குடிமுழுகிவிடாது. உருண்டை ஊறிய நீராகாரமே புளிப்புத் தரும். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் வெயில் வேலைக்கு அதைப் போல் குளிர்ச்சி வேறு இல்லை.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் எடுக்காதீர்கள். அது மோரில் ஊறியது. கொத்தவரங்காய் வற்றல் இருக்கிறது. கானப்பயற்றுத் துவையல் இருக்கிறது. மாங்காய் ஊறுகாய் இருக்கிறது.

மத்தியானத்துக்கு என்ன?

சோறும் பருப்பும் என்றால் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். விருந்து என்றால் திருநெல்வேலிப் பக்கத்துச் சொதி. தேங்காய்ப் பாலை மூன்று முறை பிழிந்து தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் வேகும். கடைசியில் கெட்டிப் பாலை ஊற்றி இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தால் சொதி தயார். கலியாணம் முடிந்த வீட்டில் மாப்பிள்ளைக்குப் போடும் மரியாதைக் குழம்பு அது. அதில் மாட்டுப்பால் ஒரு சொட்டுக்கூட இல்லை!

மாலையில் உளுந்தங்களி. உளுந்தையும் அரிசியையும் மாவாக்கி, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெய் விட்டுத் திரட்டுவது. பெரிய மனுஷியான பெண்ணுக்கு இடுப்பு வலுவாக இருக்க வேண்டும் என்று பாட்டிமார்கள் கிண்டிக் கொடுப்பார்கள்.

"எல்லாம் சரி. தயிருக்கு எங்கே போவது?" என்று கேட்கிறீர்களா?

அதற்கும் வழி இருக்கிறது.

கடலைப் பாலில் தயிர்

ஒரு ஆழாக்கு நிலக்கடலையை இரவில் ஊறப்போடுங்கள். காலையில் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு நைசாக அரையுங்கள். மூன்று ஆழாக்குத் தண்ணீர் விட்டுத் துணியில் வடிகட்டுங்கள். வெள்ளை வெளேரென்று பால் வரும்.

அதை அடிப்பிடிக்காமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்புகள் ஆறேழு கழுவிப் போட்டு மூடி வைக்க வேண்டும். உறை மோர் வேண்டியதில்லை. காம்பில் இருக்கும் நுண்ணுயிர்களே புளிக்க வைத்துவிடும்.

வெயில் காலத்தில் எட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். காம்புகளை எடுத்து எறிந்துவிட வேண்டும். முதல் தடவை தயிர் கொஞ்சம் காரசாரமாக இருக்கலாம். அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலுக்கு உறை ஊற்றினால் இரண்டாவது தயிர் நன்றாக வரும்.

வடிகட்டிய சக்கையை எறிந்துவிடாதீர்கள். துவையலில் சேர்க்கலாம். அடை மாவில் கலக்கலாம்.

பால்கோவாவும் கடலை மிட்டாயும்

பெரியவர்கள் எதையும் விட்டுவிடுவார்கள். குழந்தைகளை என்ன செய்வது?

பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவாவுக்குப் பேர்போன ஊர். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பையன் கேட்காமல் இருப்பானா?

"பாட்டி, எனக்குப் பால்கோவா?"

"கடலை மிட்டாய் இருக்கும்போது என்னடா கவலை, ராசா!"

பாட்டி சொன்னது சரிதான். இன்னொரு பக்கம் கோவில்பட்டி இருக்கிறது. நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாத்தூர்க் காராச்சேவு வேறு இருக்கிறது. கடலை மாவும் மிளகாயும் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த பண்டம். சுற்றியுள்ள மூன்று ஊர்களின் பலகாரத்தில் இரண்டு பலகாரம் செடி கொடி தந்ததுதான்.

கடையில் வாங்கும் பிஸ்கட்டில்தான் ஏமாந்துபோகக் கூடாது. பலவற்றில் பால் பொடி கலந்திருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே போதும்.

இதை மறக்க வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியது அவசியம்.

செடி கொடிச் சாப்பாட்டில் புரதம் கிடைக்குமா? கிடைக்கும். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பும் உளுந்தும் பயறும் சேர்ந்தால் குறையில்லை.

சுண்ணாம்புச் சத்து? நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே எடை பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம்தான். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தால் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

இரும்புச் சத்துக்கு முருங்கைக் கீரை. கூடவே எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

ஆனால் ஒன்று மட்டும் எந்தக் கீரையிலும் பருப்பிலும் கிடைக்காது. அதுதான் பி-12 என்ற வைட்டமின். இதை விஞ்ஞானிகள் தனியே பிரித்தெடுத்தது 1948-ல். காந்தியடிகள் மறைந்த அதே ஆண்டு! இது குறைந்தால் ரத்தசோகை வரும். கை கால் மரத்துப்போகும். நரம்பு கெடும்.

ஆகவே பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் விட்டவர்கள் டாக்டரைப் பார்த்து பி-12 மாத்திரை சாப்பிடத்தான் வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் டாக்டர் யோசனை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. கொள்கை நல்லதுதான். உடம்பும் நல்லபடியாக இருக்க வேண்டும் அல்லவா?

சீட்டு அச்சடித்த கம்பெனி

இனி அந்தப் பையன் கையில் உள்ள பெட்டிக்கு வருவோம்.

அதன் பூர்வீகத்தைத் தேடினால் ஜப்பானில் உள்ள கியோத்தோ நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே 1889-ல் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கியது. பெயர் நிண்டெண்டோ. அது என்ன செய்தது தெரியுமா? பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டுகள் செய்து விற்றது. ஒரு கட்டில் 48 சீட்டு. மாதத்துக்கு நான்கு சீட்டாக, பன்னிரண்டு மாதத்துக்கும் பூக்கள்.

சிவகாசிக்காரர்களுக்கு இது புரியும். வண்ணப்படம் அச்சடித்துப் பிழைத்த ஊர் அல்லவா?

நம் ஊர்ச் சிறுவர்களும் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தவர்கள்தான். தெருத் தெருவாகப் பொறுக்கி, படத்தைக் கிழித்துக் கட்டுக் கட்டாக அடுக்கி, சீட்டுப் போல வைத்து ஆடினார்கள். சிங்கப் படத்துக்கு இத்தனை, மயில் படத்துக்கு இத்தனை என்று தெருவுக்குத் தெரு கணக்கு வேறு!

கியோத்தோக் கம்பெனியில் 1965-ல் குன்பே யோகோய் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். சீட்டுச் செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. பொழுது போகாதபோது, நீட்டினால் நீண்டு மடக்கினால் சுருங்கும் ஒரு பொம்மைக் கையைச் செய்துகொண்டிருந்தார்.

முதலாளி பார்த்துவிட்டார். யோகோய் நடுங்கிப்போனார். வேலை போய்விடும் என்று நினைத்தார்.

முதலாளி என்ன சொன்னார்? "இதையே கடையில் விற்கும்படி செய்து கொடு!" என்றார். 1966-ல் அந்தப் பொம்மைக் கை வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டவர் விளையாட்டுச் சாமான் நிபுணர் ஆனார்.

ரயிலில் வந்த யோசனை

ஒரு நாள் யோகோய் அதிவேக ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒருவர் பொழுது போகாமல் கையில் இருந்த கணக்குப் போடும் கால்குலேட்டரின் பொத்தான்களைச் சும்மா அமுக்கிக்கொண்டிருந்தார்.

யோகோய்க்குப் பொறி தட்டியது. கால்குலேட்டர் அப்போது மலிந்துபோன சாமான். அதன் கண்ணாடித் திரையும் பொத்தானும் கொள்ளை மலிவு. அதையே விளையாட்டாக மாற்றினால் என்ன?

1980-ல் அவருடைய முதல் கையடக்க விளையாட்டு வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும். விளையாடலாம், மணியும் பார்க்கலாம். அந்த வகைப் பெட்டிகள் உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேல் விற்றன.

1989 ஏப்ரலில் "கேம் பாய்" வந்தது. திரை மங்கலான பச்சை. வெளிச்சம் கிடையாது. விளக்கடியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். மற்ற கம்பெனிகள் அதே சமயத்தில் பளபளவென்று வண்ணத் திரை வைத்த பெட்டிகளைக் கொண்டுவந்தன.

யார் ஜெயித்தது?

மங்கல் பெட்டிதான் ஜெயித்தது! வண்ணப் பெட்டிகள் ஆறு பென்சில் செல்களைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. விலை குறைவு. கீழே விழுந்தாலும் சுலபத்தில் உடையாது. வளைகுடாப் போரில் தீயில் கருகிய ஒரு கேம் பாய் அதற்குப் பிறகும் வேலை செய்தது. அதை நியூயார்க்கில் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

கேம் பாயும் பிறகு வந்த அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. 2003-ல்தான் உற்பத்தி நின்றது. யோகோய் 1997-ல் ஒரு சாலை விபத்தில் மாண்டுபோனார்.

அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். புத்தம் புதியதைத் தேடி ஓட வேண்டாம். உலர்ந்துபோன பழைய வித்தையை எடுத்துப் புது வழியில் யோசி என்பதுதான் அது.

நம் வீட்டு வற்றல் மாதிரி! கொத்தவரங்காய் மலிந்த நாளில் வெயிலில் உலர்த்தி வைத்தால், காய் கிடைக்காத நாளில் அதுவே விருந்து அல்லவா?

திருவிழாக் கடையில் செங்கல்

கேம் பாய் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாத விலை. எட்டிய விலையில் வந்தது "பிரிக் கேம்".

1990-களில் திருவிழாக் கடைகளிலும் பஸ் நிலையக் கடைகளிலும் சீனப் பெட்டிகள் வந்து குவிந்தன. பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். மேலிருந்து செங்கல் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். அட்டையில் "9999 விளையாட்டு" என்று போட்டிருக்கும். உண்மையில் இருப்பது சில விளையாட்டுகள்தான். வேகத்தை மாற்றி மாற்றிக் கணக்குக் காட்டினார்கள்!

இந்தச் செங்கல் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அலெக்ஸி பஜித்னோவ். 1984-ல் மாஸ்கோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நான்கு கட்டம் சேர்ந்த ஏழே ஏழு வடிவங்கள். உலகத்தையே கட்டிப்போட அவை போதுமாக இருந்தன.

இரண்டு ஜப்பான்கள்

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

1989-ல் பெரிய ஜப்பானில் குழந்தைகளின் கைக்குக் கேம் பாய் வந்தது. அதே காலத்தில் குட்டி ஜப்பானில் ஏழைக் குழந்தைகளின் கையில் என்ன இருந்தது?

தீக்குச்சி இருந்தது.

விடியும் முன்பே கம்பெனி வண்டி கிராமத்துக்கு வரும். தூக்கக் கலக்கத்தோடு குழந்தைகளை ஏற்றிப்போகும். பலகைச் சட்டத்தில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். பெட்டி ஒட்ட வேண்டும். எத்தனை சட்டம் முடித்தாயோ அத்தனைக்குக் கூலி. சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்பதற்காகவே சின்னப் பிள்ளைகளை எடுத்தார்கள்.

1990-ல் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற ஆவணப்படம் வெளிவந்தது. சலம் பென்னுர்கர் எடுத்த படம். அந்தக் குழந்தைகளின் நிலையை உலகம் பார்த்தது.

குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-லேயே வந்திருந்தது. சிவகாசி பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அபாயமான தொழிலில் குழந்தையை வைத்திருக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20 ஆயிரம் ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. 2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. 14 வயது ஆகாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வயது ஆகாதவர்களை அபாயமான வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. பட்டாசு வேலைக்கு அந்த விலக்கும் கிடையாது.

பள்ளிக்கூடம் போவது உரிமையாயிற்று. மத்தியான உணவு கிடைத்தது. பெற்றோரும் பிள்ளை படிக்கட்டும் என்று நினைத்தார்கள்.

ஆகவே நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பையன் திண்ணையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி விளையாடுவது சின்ன விஷயம் அல்ல. அவன் பாட்டிக்கு அந்த வயதில் விளையாட நேரம் கிடைத்திருக்காது. பெட்டிக்குள் செங்கல் வரிசையாக அடுக்கப்படுவதைப் பார்க்கும்போது, அந்தப் பாட்டிக்குத் தான் அடுக்கிய தீக்குச்சிச் சட்டம் நினைவுக்கு வரத்தான் செய்யும். அவள் அடுக்கியது கூலிக்கு. பேரன் அடுக்குவது குஷிக்கு!

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

"ஒரு செல்போனில் ஆயிரம் விளையாட்டு இருக்கிறதே!" என்பார்கள்.

இருக்கிறது. அதுதான் தொல்லை. செல்போன் விளையாட்டுக்கு முடிவே இல்லை. நடுவில் விளம்பரம் வரும். "காசு கட்டு, அடுத்த கட்டத்துக்குப் போ" என்று கேட்கும். பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் குடும்பங்கள் சேமிப்பை இழந்த செய்திகள் எத்தனை வந்தன! தமிழ்நாட்டில் 2022-ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

பழைய பெட்டி யாரிடமும் காசு கேட்காது. வலைத்தொடர்பு வேண்டாம். செல் தீர்ந்தால் விளையாட்டும் தீர்ந்தது. அம்மா அதட்ட வேண்டியதே இல்லை!

தம்பி ஆடும்போது அக்கா எட்டிப் பார்ப்பாள். "இந்தப் பக்கம் திருப்புடா!" என்பாள். வீட்டில் ஒரே பெட்டி என்பதால் முறை வைத்து ஆட வேண்டும். விட்டுக்கொடுக்கும் குணம் தானாக வரும்.

பெட்டியைக் காப்பாற்றுவதும் ஒரு கலை. பல நாள் ஆடாவிட்டால் செல்லைக் கழற்றி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செல் கசிந்து தகட்டை அரித்துவிடும். தகட்டில் கறை இருந்தால் அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். பொத்தான் மாதிரி சின்னச் செல் போடும் சாமான்களைக் கைக்குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பட்டாசு ஆலைக்குள் செல்போனோ, செல் போட்ட பெட்டியோ கொண்டுபோகவே கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். விளையாட்டு வீட்டோடு இருக்கட்டும்.

செல்லும் இல்லாத பெட்டி

பெட்டி வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம்.

ஐந்து கூழாங்கற்கள் போதும். அஞ்சாங்கல் ஆடலாம். ஒன்றை மேலே எறிந்து, அது விழுவதற்குள் மற்றதை வாரி எடுக்க வேண்டும். உலகத்தின் பழைய கையடக்க விளையாட்டுகளில் ஒன்று அதுதான். கழங்கு என்ற பெயரில் சங்க காலத்துப் பெண்களே ஆடினார்கள்.

பதினாலு குழிப் பல்லாங்குழி இருக்கிறது. காய்க்குப் புளியங்கொட்டை போதும். புளி குழம்புக்குப் போய்விடும். கொட்டை விளையாட்டுக்கு வந்துவிடும். சமையலும் விளையாட்டும் ஒரே புளியில்!

பொழுது சாயும் நேரம்

வேலைக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுகிறார்கள். மருந்து பட்ட கையோடு சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

திண்ணையில் நிலக்கடலை குவிந்து கிடக்கிறது. நாளைய தயிருக்குத் தோல் உரிக்க வேண்டும். அம்மா உரிக்கிறாள். அப்பா உரிக்கிறார். பையனும் இருபது கடலை உரித்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும். அது வீட்டுச் சட்டம். நாலு கடலை வாய்க்குள் போவதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பாட்டி கம்பு உருண்டைகளைத் தண்ணீரில் போட்டு மூடுகிறாள்.

"போதும்டா, கண்ணு வலிக்கும். வா, சாப்பிடலாம்!"

"இந்த ஒரு வரிசை, பாட்டி!"

வரிசை நிறைந்தது. மறைந்தது. பெட்டி அணைந்தது.

விலை உயர்ந்த சாப்பாடு அந்த வீட்டில் இல்லை. விலை உயர்ந்த விளையாட்டும் இல்லை. பழைய தானியமும் பழைய பெட்டியும்தான் இருக்கின்றன. ஆனால் வயிறு நிறைந்திருக்கிறது. பிள்ளையின் கை அவன் வயதுக்கு உரிய வேலையைச் செய்கிறது.

கரிசல் காட்டில் அந்த இரண்டும் சுலபமாக வந்துவிடவில்லை. வந்ததை விட்டுவிடக் கூடாது!